பவர் டில்லரில் வந்த போலீஸ்

போன தை மாதம் திருவாரூர் பக்கம் ஒரு உறவுக்காரக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, சாப்பிட்டு, மண்டபத்து மாடியில் பாயை விரித்துப் படுத்தாயிற்று. கொசு. கூடவே கீழே ஏதோ ஒரு சித்தப்பாவின் குறட்டை. தூக்கம் எங்கே வரும்? லேப்டாப்பைத் திறந்து, எத்தனையோ தடவை பார்த்த ஒரு கொரியப் படத்தைப் போட்டேன்.

பக்கத்துப் பாயில் பெரியப்பா. அறுபத்தாறு வயது. சொந்தமாக நாலு ஏக்கர், குத்தகைக்கு மூன்று. "என்ன படம்டா தம்பி?" என்றார்.

"கொரியா படம் பெரியப்பா."

"கராத்தேயா?"

"இல்ல, போலீஸ் கதை."

"ம்..." என்று திரும்பிப் படுக்கப் போனவர், திரையைப் பார்த்துவிட்டு அப்படியே எழுந்து உட்கார்ந்தார். திரை முழுக்கத் தங்க நிறத்தில் நெல் வயல். அறுப்புக்குத் தயாராகத் தலை சாய்ந்து நிற்கிறது. ஒரு பையன் வயலில் வெட்டுக்கிளி பிடிக்கிறான். அவனுக்குப் பின்னால் தடதடவென்று ஒரு வண்டி வருகிறது.

"டேய், பவர் டில்லர்டா! பின்னாடி டிரெய்லர்ல யாரோ உக்காந்து வரான் பாரு!"

"அவர்தான் போலீஸ்."

"போலீஸ் பவர் டில்லர்லயா வருவான்?" என்று சிரித்தவர், அதன்பிறகு படம் முடியும்வரை படுக்கவில்லை. சப்டைட்டிலை நான் படித்துச் சொல்லச் சொல்ல, ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. மறுநாள் முகூர்த்தத்தில் இரண்டு பேருமே தூங்கி வழிந்ததை வீடியோக்காரர் பதிவு செய்துவிட்டார்.

அந்தப் படம் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'. 2003-ல் வந்தது. இயக்கியவர் போங் ஜூன் ஹோ. ஆமாம், 'பாரசைட்' எடுத்து 2020-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கினாரே, அவரேதான். ஆங்கிலம் அல்லாத ஒரு படத்துக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. நம்ம ஊரில் அப்போது என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? 'பாரசைட்' கதை 1999-ல் வந்த 'மின்சார கண்ணா' கதை மாதிரியே இருக்கிறது, வழக்குப் போடப் போகிறோம் என்று ஒரு குரல் கிளம்பியது. இரண்டு படத்திலும் ஒரு குடும்பமே உறவை மறைத்துக்கொண்டு ஒரு பணக்கார வீட்டுக்குள் வேலைக்கு நுழைகிறது. சரி, கதை ஒன்றென்றே வைத்துக்கொள்வோம். ஒரு வரிக் கதையை வைத்துப் படத்தை அளப்பது, பேலன்ஸ் ஷீட்டின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு கம்பெனியை வாங்குவது மாதிரி. நான் பி.காம்., எனக்கு அப்படித்தான் உவமை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்ன கதை? கொலைகள் நடக்கின்றன, போலீஸ் தேடுகிறது. ஹாலிவுட்டில் வருஷத்துக்கு நாலு வரும் சமாச்சாரம். மழை, இருட்டு, தொடர் கொலைகாரன், முரட்டு போலீஸ் ஒருத்தர், மூளைக்கார போலீஸ் ஒருத்தர். அச்சு அசல் அமெரிக்க சாப்பாட்டுத் தட்டு. பரிமாறியிருப்பது மட்டும் முழுக்கக் கொரியச் சாப்பாடு.

முதல் பிணம் கிடைப்பது வயலோரத்து வாய்க்காலில், மேலே மூடியிருக்கும் சிலாப்புக்கு அடியில். தடயமாகக் கிடைக்கிற ஒரே ஒரு காலடித் தடத்தின்மேல் விவசாயி ஒருத்தர் பாட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார். ("அட கூறுகெட்டவனே, தடத்து மேல ஏத்திட்டானே!" - பெரியப்பா.) லோக்கல் போலீஸ், மந்திரக்காரியிடம் போய்த் தாயத்து மாதிரி ஒன்று வாங்கி வருகிறார். அடித்து விசாரித்த ஆளையே பக்கத்தில் உட்காரவைத்து, நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே டி.வி.யில் போலீஸ் சீரியல் பார்க்கிறார்கள். இன்றைக்கு ராத்திரி அடுத்த கொலை என்று தெரிந்து கூடுதல் போலீஸ் கேட்டால், ஆள் இல்லை. எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள்! அது ராணுவ ஆட்சியின் கடைசிக் காலம். ஒரு ஊரே விளக்கை அணைத்துப் போர் ஒத்திகை பார்க்கிற நேரத்தில், அந்த இருட்டில்தான் ஒரு சிறுமி சாகிறாள்.

இங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும். கொரிய கலாசாரம் என்று கைவிசிறி, பட்டு உடை, கோயில் மணி எதையும் காட்டவில்லை போங். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த 'துப்பறியும் படம்' என்ற மெஷினை எடுத்துத் தன் ஊர் வயலில் இறக்குகிறார். அந்தச் சேற்றில் மெஷின் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதுதான் படமே. ஹாலிவுட் துப்பறிவாளன் குற்றவாளியைப் பிடித்தே தீரவேண்டும், அது அந்த மெஷினின் விதி. இங்கே கடைசி ஆதாரம் டி.என்.ஏ. அந்தப் பரிசோதனைக்குக் கொரியாவில் அப்போது வசதி இல்லை, அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். 'காகிதம் பொய் சொல்லாது' என்று படம் முழுக்க நம்பிக்கொண்டிருந்த சியோல் போலீஸின் கைக்கு ஒரு காகிதம் வருகிறது, ஆங்கிலத்தில். அது அவருக்குக் கை கொடுக்கவில்லை. மழையில் ரயில் பாதையில் நிற்கிறார் மனிதர். தொழில்நுட்பமும் தீர்ப்பும் வெளிநாட்டிலிருந்து வந்தாகவேண்டிய ஒரு தேசத்தின் கையாலாகாத்தனம் முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

*

இந்த சாமர்த்தியம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பாதி, கலை. மீதி, காமர்ஸ். 1988 வாக்கில் ஹாலிவுட் கம்பெனிகள் கொரியாவில் நேரடியாகப் படம் வெளியிட அனுமதி கிடைத்தபோது, எதிர்ப்புத் தெரிவிக்க தியேட்டருக்குள் பாம்பை விட்டவர்கள் அவர்கள். (ரசிகர்கள் கெட்ட கெட்ட படத்துக்கெல்லாம் பொறுமையாக உட்கார்ந்திருப்பது நம்ம ஊரில் மட்டும்தான் போலிருக்கிறது.) 1994-ல் அந்த நாட்டு அதிபருக்கு ஒரு அறிக்கை போனது. 'ஜுராசிக் பார்க்' என்ற ஒரே ஒரு படம் சம்பாதித்த பணம், 15 லட்சம் ஹூண்டாய் கார் விற்பதற்குச் சமம் என்று அதில் ஒரு கணக்கு. அரசாங்கம் திடுக்கிட்டு சினிமாவைத் தொழிலாகப் பார்க்க ஆரம்பித்தது. 1999-ல் 'ஷிரி' வந்தது. துப்பாக்கி, உளவாளி, வெடிகுண்டு என எல்லாமே ஹாலிவுட் சரக்கு. கதையின் வயிற்றில் மட்டும் வடக்கு, தெற்கு என்று பிரிந்து கிடக்கிற ஒரு தேசத்தின் காயம். 'டைட்டானிக்' அங்கே வைத்திருந்த வசூல் சாதனையை அந்தப் படம் முறியடித்தது. ஷிரி என்பது கொரிய ஓடைகளில் வாழும் ஒரு குட்டி மீன். குட்டி மீன் கப்பலைக் கவிழ்த்த கதை.

அதே ஹூண்டாயின் கார் 1998-ல் நம்ம இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது. அவர்கள் படம் டி.வி.டி.யாக பர்மா பஜாருக்கு வந்து சேர இன்னும் சில வருஷம் பிடித்தது. வந்ததும் நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நான் சொல்லவேண்டாம். சீன் சீனாகப் பிரித்தெடுத்தார்கள். சண்டைக் காட்சி வந்தது, கேமரா கோணம் வந்தது, ரத்தம் நிறையவே வந்தது. பவர் டில்லர் மட்டும் வரவில்லை.

*

இதில் எனக்கு ஆதங்கம் என்னவென்றால், இந்த வித்தை கொரியாக்காரனுடையது இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே காவிரிக் கரையில் நாம் செய்து காட்டியது.

திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்கார பேண்டு மெட்டுகளைக் கேட்டார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டு உட்பட பலவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டு ஸ்வரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அழகாக இருக்கும். ஆனால் அது மெட்டைக் கடன் வாங்கியதுதான்.

உண்மையான காரியத்தைச் செய்தது வயலின். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள். வடிவேலுவின் வாசிப்பில் சொக்கிப்போன சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தில் வயலின் செய்து பரிசளித்தார். மேற்கத்திய வயலின்காரர் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ மோவாய்க்கட்டையில் அண்டக் கொடுத்து வாசிப்பார். நம்மவர்கள் அதைத் தரைக்கு இறக்கினார்கள். சம்மணம் போட்டு, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றினார்கள். எதற்கு? கமகத்துக்கு. விரல் தந்தியில் வழுக்கி மேலும் கீழும் ஓடவேண்டும் என்றால் வாத்தியம் ஆடாமல் நிற்கவேண்டும், இடது கை விடுதலையாக இருக்கவேண்டும். மரம், தந்தி, வில் எதுவும் மாறவில்லை. உட்காரும் விதம் மாறியது. கேட்கிற இசையே நம்முடையதாகிவிட்டது.

வெளிநாட்டுப் பாணியில் ஒரு தமிழ்ப் படம் வந்தால் நான் பார்ப்பது இதைத்தான். மெட்டைக் கடன் வாங்கியிருக்கிறார்களா, உட்காரும் விதத்தை மாற்றியிருக்கிறார்களா?

மாற்றியவர்கள் இருந்தார்கள். மாயவரத்துப் பக்கத்துக்காரரான கல்கி, டூமாஸும் வால்டர் ஸ்காட்டும் எழுதிய சரித்திர சாகசக் கதை உருவத்தை எடுத்து, ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையோடு கொண்டுபோய் நிறுத்தினார். 'பொன்னியின் செல்வன்' முதல் அத்தியாயத்தில் ஜனங்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிடுவதுதான் அவர் செய்த பெரிய சாகசம் என்பேன். 2022-லும் 2023-லும் மணிரத்னம் அதை இரண்டு பாகமாக எடுத்தபோது குதிரை பிரமாதமாக ஓடியது. கப்பல், புயல், போர் எல்லாம் உலகத் தரம். ஆனால் ஓர்ச்சாவிலும் தாய்லாந்திலும் எடுத்த படத்தில் டெல்டாவின் ஈரம் எப்படி வரும்? சோழர் மாளிகை தஞ்சாவூரில் மிச்சமில்லை, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் ஏரிக்கரைச் சாப்பாட்டு வாசனைக்கு ஏங்கியபடிதான் தியேட்டரை விட்டு வெளியே வந்தேன்.

முழுசாக ஜெயித்த படம் ஒன்று உண்டு. 'தில்லானா மோகனாம்பாள்', 1968. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர், ஏ.பி.நாகராஜன் இயக்கம். எலும்புக்கூட்டைப் பார்த்தால் ஹாலிவுட்டின் மேடைக் கலைஞர் காதல் கதைதான். இரண்டு கலைஞர்கள், தலைக்கனம், மோதல், காதல், நடுவில் வில்லன். ஆனால் சதை? அந்த ரயில் பெட்டிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிக்கல் சண்முகசுந்தரமும் மோகனாம்பாளும் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணால் பார்த்துக்கொள்ள, நடுவில் தவில்காரர் பாலையாவின் முகம் வந்து வந்து மறைக்கும். ஹாலிவுட் காமெடி டைமிங் அது, சுத்தம். ஆனால் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது ஒரு மேளக் குழு, ஒரு சதிர்க் குழு. தாய்க்காரி ஒரு பக்கம், நட்டுவாங்கம் ஒரு பக்கம். யார் யாரோடு பேசலாம், யார் எழுந்து நிற்கவேண்டும் என்கிற அத்தனை ஊர்க் கட்டுப்பாடும் அந்த மர பெஞ்சில் இருக்கிறது. மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்துக்கு சிவாஜியின் கன்னமும் கழுத்தும் கொடுக்கிற பதிலைப் பார்த்து நாதஸ்வரக்காரர்களே ஏமாந்துபோவார்கள். வயலின் பாதத்தில் ஊன்றிவிட்டது என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

இதைத்தான் அன்று ராத்திரி பெரியப்பாவிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "நானும் அத டென்ட் கொட்டாயில பாத்தேன்டா. மணல் குவிச்சு உக்காந்து பாத்தேன். எனக்குப் பத்துப் பதினோரு வயசு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வருஷந்தான் வெண்மணி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

1968 ஜூலையில் 'தில்லானா' வந்தது. அதே வருஷம் டிசம்பர் 25-ம் தேதி ராத்திரி, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தன. குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தலித் மக்கள். இரண்டும் ஒரே டெல்டா, ஒரே வருஷம். அந்தப் படத்தில் மிராசுதார் உண்டு, ஜமீன் உண்டு, மைனர் உண்டு. அவர்கள் வீட்டு நெல்லை நட்டு அறுத்தவர்கள் மட்டும் கதையில் யாருமில்லை. நான் இவ்வளவு கொண்டாடுகிற படம்தான். சொல்லாமல் விட்டால் அது விமர்சனம் இல்லை, விளம்பரம்.

வெண்மணியை யாருமே தொடவில்லை என்று சொல்லமாட்டேன். இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். அதிலிருந்து 1983-ல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' வந்தது. 1997-ல் 'அரவிந்தன்' அந்தச் சம்பவத்தைத் தொட்டது. 2005-ல் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம். 2019-ல் 'அசுரன்' ஃப்ளாஷ்பேக்கில் எரியும் குடிசைகளைப் பார்த்தபோது எல்லோருக்கும் வெண்மணிதான் ஞாபகம் வந்தது, ஆனால் அது கரிசல் மண் கதை. இவற்றில் நல்ல முயற்சிகள் உண்டு. ஆனால் டெல்டாவையே களமாக வைத்து, முழு நீள விறுவிறுப்புப் படமாக, குடும்பத்தோடு டிக்கெட் வாங்கிப் பார்க்கும்படி வெண்மணி வந்ததா?

கொரியாவில் 1980 மே மாதம் குவாங்ஜூ நகரில் ராணுவம் பொதுமக்களைச் சுட்டது. அதை 2017-ல் 'எ டாக்ஸி டிரைவர்' என்று எடுத்தார்கள். கடன்கார டாக்ஸி டிரைவர், வெளிநாட்டு நிருபர், கார் சேஸ், கண்ணீர், காமெடி எல்லாம் உண்டு. சுமார் ஐந்து கோடி ஜனத்தொகை உள்ள நாட்டில் ஒரு கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. கார் சேஸ் இருந்ததால் குவாங்ஜூவின் துக்கம் குறைந்துபோய்விடவில்லை.

வெண்மணி வழக்கின் முடிவு தெரியுமா உங்களுக்கு? 1973-ல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. பெரிய நிலச்சுவான்தார்கள், கார் வைத்திருக்கும் வசதி உள்ளவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்ற ரீதியில் போகிறது தீர்ப்பு. அமெரிக்காவிலிருந்து போங்கின் போலீஸுக்கு வந்த காகிதம் ஞாபகம் வருகிறதா? ஒரு நல்ல திரைக்கதைக்காரனுக்கு இந்தக் காகிதம் போதும். வசனமே எழுதவேண்டாம். ஒரு காரையும் ஒரு வரப்பையும் காட்டினால் போதும்.

டெல்டா என்றால் துக்கம் மட்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. 2010-ல் சற்குணம் எடுத்த 'களவாணி'யைப் பாருங்கள். ஹாலிவுட் ரொமான்டிக் காமெடியின் அதே சூத்திரம். ஆனால் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்புகிற அப்பா, பிள்ளைக்குக் கிரகம் சரியில்லை, இந்த மாதம் போய் அந்த மாதம் வந்தால் ஓகோவென்று வந்துவிடுவான் என்று நம்பும் அம்மா, உரக்கடை, வாய்க்கால், ஊர்ப் பகை என்று அத்தனையும் தஞ்சாவூர் ஜில்லா. சிரித்துக்கொண்டே பார்த்த படம். வயலின் அங்கேயும் தரையில்தான் இருந்தது. தொடர்ந்து அந்தப் பக்கம் போக ஏனோ ஆள் இல்லை.

*

போன மாதம் ஒரு இளைஞர் ஆபீசுக்கு வந்தார். உதவி இயக்குநர், டெல்டாக்காரர். ஒரு கதை சொன்னார். மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறக்கிறார்கள், கல்லணையும் திறந்தாயிற்று, கடைமடைக்கு மட்டும் வந்து சேரவில்லை. ராத்திரியில் யாரோ மதகு ஷட்டரைத் தூக்கித் தண்ணீரைத் திருப்புகிறார்கள். கண்டுபிடிக்கவேண்டியவர் பொதுப்பணித் துறையின் லஸ்கர், கையில் டார்ச்சும் சைக்கிளும் மட்டும் உள்ள மனிதர். ஒவ்வொரு மதகாக மேலே போகப் போக, திருடன் யார் என்பது மாறிக்கொண்டே வருகிறது. 'பாரசைட்'டில் மழைத் தண்ணீர் பணக்கார மேட்டிலிருந்து ஏழையின் வீட்டுக்குள் இறங்கி மூழ்கடிக்கிறது. இங்கே வராத தண்ணீர்தான் வில்லன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"புரொடியூசர் என்ன சொன்னார்?"

"கதை பிடிச்சிருக்காம் சார். ஊரை மட்டும் மதுரைன்னு மாத்திக்கலாமாங்கிறார். மதுரைன்னா அருவா வரும்ல?"

இதை போனில் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கதையை முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"அந்தத் தம்பிட்ட ஒண்ணு சொல்லுடா. ஷட்டரை ராத்திரியில தூக்கினா கிறீச்சுன்னு நாலு வயலுக்குக் கேக்கும். எவனா இருந்தாலும் பகல்லயே வந்து மரைக்குக் கிரீஸ் வச்சிட்டுத்தான் போவான். லஸ்கரு அந்தக் கிரீஸைத்தான் மொதல்ல பாக்கணும். அத எழுதிக்கச் சொல்லு."